நீல ஒயர் எங்க போச்சு? எங்க வேகன் ஆர் ஆடியோ செட்டை அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சு மறுபடி ஒயரிங் பண்ண கதை

திங்கக்கிழமை காலைல மட்டும் தான் வண்டி மக்கர் பண்ணும். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் சாவியைத் திருப்பின உடனே எடுத்துரும். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பார்க்கிங்ல நிறுத்திட்டு ரெண்டு நாள் தொடாம விட்டுட்டு திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வந்து சாவி போட்டா டிக் டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும் வரும், செல்ஃப் சுத்தாது. மூணு வாரம் வரிசையா பக்கத்து வீட்டு சார் தான் அவர் வண்டியைக் கிட்ட கொண்டு வந்து ஜம்பர் கேபிள் போட்டு எடுத்துக் கொடுத்தார், ஆபீஸ் போற அவசரத்துல அந்த மனுஷன் முகம் சுளிக்காம செஞ்சார், அதுக்காகவே இதை சீக்கிரம் முடிக்கணும்னு இருந்துச்சு.

வண்டி 2011 வேகன் ஆர், எல்எக்ஸ்ஐ. அப்பா ரிட்டயர் ஆன பணத்துல வாங்கினது. வாங்கும்போது ஆடியோ செட் கிடையாது, அப்புறம் ஒரு சாதாரண செட்டும் ரெண்டு ஸ்பீக்கரும் போட்டோம், அது பாட்டுக்கு பத்து வருஷம் ஓடுச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் தான் ஆசைப்பட்டு புது செட், டிக்கில ஒரு 4 சேனல் ஆம்ப் (சத்தத்தைக் கூட்டிக் கொடுக்குற ஆம்ப்ளிஃபையர்), பேஸுக்குனு 8 இன்ச் சப் வூஃபர், முன் கதவுக்கு நல்ல ஸ்பீக்கர்னு எல்லாத்தையும் ஒரு கடைல கொடுத்து மாட்டச் சொன்னேன். மாட்டின கடை பேரு இங்க வேண்டாம். காலைல விட்டு சாயங்காலம் எடுத்தோம், சத்தம் நல்லா தான் வந்துச்சு, கண்ணாடி அதிர்ந்துச்சு, சந்தோஷமா வீட்டுக்கு வந்தோம்.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. முதல்ல அப்பா தான் கவனிச்சார், அவர் 101.4 ரெயின்போ எஃப்எம்மை 1-ம் நம்பர் பட்டன்ல போட்டு வெச்சிருப்பார், சாவியை எடுத்துட்டு மறுபடி போட்டா அது இருக்காது, கடிகாரமும் பன்னெண்டு மணில வந்து நிக்கும். ஒவ்வொரு தடவையும் உக்காந்து தேடுவார். அடுத்தது உய்ய்ய்ங்னு ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சேந்து மேல ஏறும், காலை எடுத்தா இறங்கும். அப்புறம் இடது பக்கக் கதவை சாத்தும்போது சில நேரம் மொத்த செட்டும் ஊமையாயிடும், மறுபடி திறந்து சாத்தினா வரும். இதோட கடைசியா சேந்தது தான் இந்த திங்கக்கிழமை பிரச்சனை.

மாட்டின கடைல கேட்டா பேட்டரி வீக்னு சொன்னாங்க, பதினாலு மாசம் கூட ஆகாத பேட்டரியை மாத்தினோம். புது பேட்டரியும் ரெண்டே மாசத்துல அதே மாதிரி படுத்துச்சு. பேட்டரிக்காரர் டைனமோவைப் பாருங்கன்னார், பார்த்தா 14.1 வோல்ட் ஜம்முனு சார்ஜ் ஆகுது. இப்படி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி காசு மட்டும் போய்க்கிட்டு இருந்தப்ப எங்க தெரு முனைல ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பாக்குற அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார், "பொருளை மாத்திக்கிட்டே போகாதீங்க தம்பி, வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்குதுனு முதல்ல மீட்டரை வெச்சுப் பாருங்க". இதுக்கு முன்னாடி யாருமே அளந்து பார்க்கச் சொல்லல.

அளக்குறது கஷ்டமே இல்ல, ஆனா கவனமா செய்யணும். மல்டிமீட்டர்ல சிவப்பு ப்ரோபை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்திக்கணும், பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, கழட்டின கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை வைக்கணும், அப்ப வண்டிக்குப் போற அத்தனை கரண்டும் மீட்டர் வழியா தான் போகும். அந்த நேரத்துல யாரும் சாவி போடக் கூடாது, செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போயிடும். கதவு திறந்திருந்தா உள்ள லைட் எரிஞ்சு கணக்கு தப்பும், அதனால எல்லாக் கதவையும் சாத்தி, ஜன்னல் கண்ணாடியை முன்னாடியே இறக்கி வெச்சுக்கிட்டு, ஒரு இருபது நிமிஷம் வண்டியை அப்படியே விட்டுட்டு அப்புறம் பார்த்தேன்.

0.72 ஆம்பியர்.

இந்த மாதிரி வண்டி நிறுத்தி வெச்சிருக்கும்போது 0.05-க்குள்ள இருக்கணும். பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணில இருந்து திங்கக்கிழமை காலை எட்டு மணி வரைக்கும் 60 மணி நேரம், 0.72 பெருக்கல் 60 போட்டா 43 ஆம்பியர் ஹவர் வருது, என் பேட்டரியே 35 தான். காலியாகாம என்ன செய்யும்? மத்த நாள்ல ராத்திரி பன்னெண்டு மணி நேரத்துக்கு எட்டரை, ஒன்பது தான் போகும், அதுல மிச்சம் இருக்குறதை வெச்சு வண்டி எடுத்துரும். திங்கக்கிழமைக்கு மட்டும் என்ன சாபம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்ல, ஒரே வரி கணக்குல விடை வந்துருச்சு. முதல் பேட்டரி சீக்கிரமா செத்ததுக்கும் இது தான் காரணம், லெட் ஆசிட் பேட்டரியை இப்படி அடியோட காலி பண்ணி பண்ணி ஏத்தினா உள்ள தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டிப்பட்டுப் போயிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

சரி, யாரு குடிக்கிறா? உள்ள இருக்கிற ஃபியூஸ் பாக்ஸ்ல ஒவ்வொரு ஃபியூஸா எடுத்து எடுத்து மாட்டினேன், எதை எடுத்தாலும் 0.72 அசையல. அப்ப தான் உறைச்சது, ஆம்ப்புக்குப் போற கேபிள் ஃபியூஸ் பாக்ஸ் வழியா போகவே இல்லையே, நேரா பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து போகுதே. அதைக் கழட்டினேன், மீட்டர் 0.02-க்கு விழுந்துச்சு. டிக்கியைத் திறந்து ஆம்ப் மேல கை வெச்சேன், முந்தின நாள் ராத்திரில இருந்து செட்டை யாருமே போடல, ஆனா வெதுவெதுனு இருந்துச்சு. அந்த சூடு இன்னும் என் உள்ளங்கைல இருக்கிற மாதிரியே இருக்கு, ஒரு பக்கம் கண்டுபிடிச்ச சந்தோஷம், இன்னொரு பக்கம் ரெண்டு வருஷமா ராத்திரி பகலா இது எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கேங்கிற ஆத்திரம்.

ஆம்ப்ல பவருக்கு மூணு முனை இருக்கும், ஒண்ணு பேட்டரி பாசிட்டிவ், ஒண்ணு எர்த், நடுவுல ரிமோட். செட்டை ஆன் பண்ணும்போது செட் பின்னாடி இருக்கிற நீலத்துல வெள்ளைக் கோடு போட்ட ஒயர்ல 12 வோல்ட் வரும், அதை ரிமோட் முனைக்குக் கொண்டு வந்தா ஆம்ப் முழிச்சுக்கும், செட் ஆஃப் ஆனா அதுவும் தூங்கிடும். அந்த ஒயரை டேஷ்போர்டுல இருந்து டிக்கி வரைக்கும் இழுக்கணும், அதுக்கு சோம்பல்பட்டு மாட்டினவர் ரெண்டு இன்ச் சிவப்பு ஒயர் துண்டு ஒண்ணை எடுத்து ஆம்ப்லயே பாசிட்டிவ் முனைக்கும் ரிமோட் முனைக்கும் நடுவுல பாலம் போட்டுட்டார். ஆம்ப் 24 மணி நேரமும் முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. ரெண்டு இன்ச் ஒயர், ரெண்டு பேட்டரி.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், செட் பின்னாடி முழு நீல ஒயர் ஒண்ணும் இருக்கும், அது பவர் ஆன்டெனாவுக்கு. சில செட்ல ரேடியோ ஓடும்போது மட்டும் தான் அதுல கரண்ட் வரும், அதுல ஆம்ப்பைக் கொடுத்தா ப்ளூடூத்துக்கு மாறின உடனே சத்தம் செத்துடும். வெள்ளைக் கோடு இருக்கானு பார்த்துக் கொடுங்க.

அந்த ஒரு பாலத்தை எடுத்துட்டா திங்கக்கிழமை பிரச்சனை தீந்துரும் தான், ஆனா இப்படி வேலை பாத்தவர் மத்த இடத்துல என்ன பண்ணி வெச்சிருப்பாருனு மனசு கேக்கல. மொத்தத்தையும் பிரிச்சேன்.

பவர் கேபிளைத் தான் முதல்ல பார்த்தேன், பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. பேட்டரில இருந்து டிக்கி வரைக்கும் ஒரு 5 மீட்டர் வரும், வழில எங்கயுமே ஃபியூஸ் கிடையாது. எஞ்சின் ரூம்ல இருந்து உள்ள வர்ற தகரத்துல ஒரு ஓட்டை போட்டு ஓட்டை விளிம்புக்குப் போடுற ரப்பர் வளையம், க்ரோமெட்னு சொல்வாங்க, அது கூட போடாம சும்மா நுழைச்சிருந்தாங்க, தகர விளிம்பு ரெண்டு வருஷமா உரசி உரசி இன்சுலேஷன்ல பாதி போயிருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள்ல உள்ள இருக்கிற கம்பி பாடியைத் தொட்டிருக்கும். தொட்டா என்ன ஆகும்? பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயர் வழியா தள்ளும், தடுக்க ஃபியூஸ் இல்ல, ஒயர் பழுத்து மேட் அடில, சீட் அடில, போற வழியெல்லாம் பத்திக்கும். இதுல தான் அப்பாவும் அம்மாவும் காஞ்சிபுரம் போய்ட்டு வந்தாங்க.

நிறைய பேர் ஆம்ப்லயே ரெண்டு ஃபியூஸ் இருக்கே, அது போதும்னு நினைக்கிறாங்க. அது ஆம்ப்பைக் காப்பாத்த. பேட்டரி பக்கத்துல போடுற ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்த. பேட்டரில இருந்து ஒன்றரை அடிக்குள்ள அது இருக்கணும், ஏன்னா பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்கிற ஒயருக்கு யாரும் காவல் இல்ல, அந்த தூரம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. உங்க வண்டில ஆம்ப் இருந்தா இதைப் படிச்சு முடிச்சதும் பானெட்டைத் திறந்து இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது பாத்துருங்க, மத்ததெல்லாம் மெதுவா பண்ணிக்கலாம்.

ஒயரும் சரியில்ல. கத்தியால சுரண்டினா மேல செம்பு நிறம் போய் உள்ள வெள்ளையா தெரிஞ்சுது, அதாவது அலுமினியத்து மேல செம்பு பூசினது. தடிமன் பார்த்தா 2.5 ஸ்கொயர் எம்எம் தான் இருக்கும், மேல ரப்பரைத் தடியா போட்டு பெரிய கேபிள் மாதிரி காட்டியிருந்தாங்க. 2.5-ல சுத்தமான செம்பா இருந்தாலே 5 மீட்டருக்கு 20 ஆம்பியர் போகும்போது 0.7 வோல்ட் வழிலயே தொலையும், இந்த அலுமினிய ஒயர்ல ஒரு வோல்ட்டைத் தாண்டும். நான் அளந்தப்ப எஞ்சின் ஓட்டத்துல பேட்டரில 14.1, ஆம்ப் முனைல பாட்டு சத்தமா ஓடும்போது 12.4. பாஸிட்டிவ் ஒயர்ல 1.1 போச்சு, மிச்சம் 0.6 எர்த்ல போச்சு. எர்த்தைத் தனியா அளக்கலாம், மீட்டர் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பை ஆம்ப் எர்த் முனைலயும் வெச்சுட்டு பாட்டைப் போடுங்க, 0.1-க்குள்ள இருந்தா நல்ல எர்த். இங்க 0.6 வந்ததுக்கு காரணம் டிக்கில பெயின்ட் மேலயே ஒரு தகர ஸ்க்ரூவை அடிச்சு அதுல ஒயரைச் சுத்தி விட்டிருந்தாங்க.

ஜிபி ரோடுல 8 கேஜ் தடிமன்ல சுத்த செம்பு கேபிள் 6 மீட்டர், 40 ஆம்பியர் ஃபியூஸோட ஹோல்டர், க்ரோமெட் வாங்கினேன். கடைக்காரர் கிட்ட ஒரு துண்டு வெட்டிச் சுரண்டிப் பார்த்துட்டு தான் காசு கொடுத்தேன், அவரும் ஒண்ணும் சொல்லல. அப்படியே ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கிற குழாய்), ஒயர் முனைல மாட்டுற லக், அதை நசுக்கி இறுக்க, அதாவது க்ரிம்ப் பண்ண, கட்டிங் ப்ளேயர், ஸ்பீக்கர் ஒயர் எல்லாம் எடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை காலைல பேட்டரி நெகட்டிவைக் கழட்டி வெச்சுட்டு டேஷ்போர்டைப் பிரிச்சேன். என் வண்டில ஏர் பேக் கிடையாது, உங்க வண்டில இருந்தா மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் (ஒயரைச் சொருகுற ப்ளக்) எதையும் தொடாதீங்க, மீட்டர் கூட வைக்காதீங்க, பேட்டரியைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் காத்திருந்துட்டு தான் பக்கத்துல கையையே வைக்கணும்.

செட்டை வெளிய இழுத்தா கையெல்லாம் பிசுபிசுனு ஒட்டுது. அத்தனை ஜாயின்ட்டும் முறுக்கி மேல இன்சுலேஷன் டேப் சுத்தினது, சென்னை வெயில்ல மே மாசம் நிறுத்தின வண்டிக்குள்ள டேஷ்போர்டு என்ன கொதி கொதிக்கும்னு உங்களுக்கே தெரியும், டேப் பசை உருகி வழிஞ்சு டேப்பெல்லாம் கழண்டு தொங்குது, ரெண்டு ஜாயின்ட் அம்மணமா நிக்குது. செட்டோட மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கி சிகரெட் லைட்டர் ஒயர்ல கொடுத்திருந்தாங்க. அப்பாவோட 101.4 ஏன் மறந்து போச்சுன்னு அந்த இடத்துலயே புரிஞ்சுது. மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்க வேண்டிய ஒயர், செட்டோட ஞாபகமே அதுல தான் இருக்கு, சிவப்பு சாவி போட்டா மட்டும் வர வேண்டியது. லைட்டருக்கு சாவி போட்டா தான் கரண்ட், சாவியை எடுத்த உடனே செட்டுக்கு எல்லாமே மறந்து போகுது. மனசுக்கு என்ன கஷ்டம்னா, வண்டி செஞ்ச கம்பெனிக்காரன் ஏற்கனவே செட்டுக்குனு ஒரு கப்ளரை இழுத்து உள்ள விட்டிருக்கான், அது டேப் சுத்தி ஒரு ஓரமா பத்திரமா தொங்கிக்கிட்டு இருக்கு, அதை யாரும் திரும்பிக் கூட பாக்கல.

அந்த கப்ளர்ல எது எதுனு கண்டுபிடிக்க பேட்டரியை மறுபடி மாட்டிட்டு, மீட்டர் கறுப்பை நல்ல பாடி எர்த்ல கடிக்க விட்டுட்டு ஒவ்வொரு பின்னா தொட்டேன். சாவியே இல்லாம 12.5 காட்டினது மஞ்சளுக்கு. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினா மட்டும் வந்தது சிவப்புக்கு. பார்க் லைட் போட்டா மட்டும் வந்தது ஆரஞ்சுக்கு, ராத்திரில செட் வெளிச்சத்தைக் கம்மி பண்ண. பாடியோட பீப் அடிச்சது கறுப்புக்கு. கலரை நம்பாதீங்க, வண்டிப் பக்கம் கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும், செட் பக்கம் தான் மஞ்சள் சிவப்பு கணக்கெல்லாம் ஓரளவு பொது. சில ஜெர்மன் வண்டில பொதுவான ஐஎஸ்ஓ கப்ளரே இருந்தாலும் எப்பவும் வர்ற கரண்டும் சாவி கரண்டும் இடம் மாறி இருக்கும், அப்படியே சொருகினா இதே மறதி நோய் வரும்.

ஜாயின்ட்டெல்லாம் நான் க்ரிம்ப் பண்ணி மேல ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். சால்டர் தான் பெஸ்ட்னு அடிச்சு சொல்ற நண்பர்கள் இருக்காங்க, வீட்ல இருக்கிற ஆம்ப்புக்கு சரி, வண்டில எனக்கு அது பிடிக்கல, ஈயம் ஏறின இடம் விறைப்பாயிடும், எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கிற ஒயர் அந்த விறைப்பு முடியற இடத்துல தான் உடையும்.

அடுத்து ஊமையாகிற கதவு. இடது ஸ்பீக்கர் முனைல செட் பக்கத்துல இருந்து ஓம் அளந்தேன், 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 3.4, 3.6 இந்த மாதிரி காட்டணும், காட்டுச்சு. சரி ஸ்பீக்கர் நல்லா இருக்கு. அடுத்து மீட்டரை பீப்ல போட்டு பாடிக்கும் ஸ்பீக்கர் ஒயருக்கும் நடுவுல வெச்சுட்டு தம்பியைக் கதவை மெதுவா சாத்தச் சொன்னேன், பீப் கத்துச்சு. ஒயரைக் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாய் வழியா விடாம கீல் பக்கமா வெளியிலயே விட்டிருக்காங்க, ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் நசுங்கி நசுங்கி தோல் கிழிஞ்சு கம்பி பாடியைத் தொடுது. இப்ப வர்ற செட்ல ஸ்பீக்கர் மைனஸ் எர்த் கிடையாது, ரெண்டு முனையையும் செட்டுக்குள்ள இருக்கிற ஐசி சிப் தான் ஓட்டும், பிரிட்ஜ் முறைனு சொல்வாங்க, அதுல எது பாடியைத் தொட்டாலும் செட் தன்னைக் காப்பாத்திக்க வாயை மூடிக்கும். பழைய காலத்து செட்ல மைனஸை பாடிலயே கொடுக்குற பழக்கம் இருந்துச்சு, அந்தப் பழக்கத்துல இப்பவும் யாராவது எல்லா மைனஸையும் சேத்து பாடில கொடுத்தா ஐசி உயிரை விட்டுடும். என் செட் ரெண்டு வருஷம் தாக்குப் பிடிச்சதே பெரிய விஷயம்.

அந்த ரப்பர் குழாய்ல ஒயர் விடுறதுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆச்சு. பழைய சைக்கிள் பிரேக் கேபிள் ஒண்ணை சோப்புத் தண்ணில நனைச்சு முதல்ல அதை நுழைச்சு, அந்தப் பக்கம் எடுத்து, அதுல புது ஒயரைக் கட்டி இழுத்தேன். வலது கதவுக்கும் அதே.

கதவைப் பிரிச்ச கையோட 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனைல ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன், பாஸிட்டிவ் சரியா இருந்தா கோன் வெளிய தள்ளும். இடது வெளிய தள்ளுது, வலது உள்ள இழுக்குது. அதான் பாட்டுல பேஸ் சப் வூஃபர்ல மட்டும் தனியா கேக்குது, முன்னாடி ஒண்ணுமே இல்லாம வெறும் தகர டப்பா மாதிரி இருந்துச்சு, ஒண்ணு காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுத்தா ரெண்டும் சேந்து ஒண்ணுமில்லாம போயிடும்ல. ரெண்டு ஒயரை மாத்திக் கொடுத்தேன், அவ்வளவு தான். புது ஸ்பீக்கர் வாங்கலாமானு கூட ஒரு கட்டத்துல யோசிச்சிருந்தேன்.

ஆம்ப் எதுக்கு, செட்லயே 50 வாட் பெருக்கல் 4-னு போட்டிருக்கேனு அப்பா அன்னைக்குக் கேட்டார். நல்ல கேள்வி. செட் பின்னாடி இருக்கிற ஃபியூஸ் 10 ஆம்பியர், 14.4 வோல்ட்ல அது விடுறதே 144 வாட் தான், அதுல 200 வாட் எப்படி வெளிய வரும்? இன்னொரு கணக்கு, 14.4 வோல்ட்டை பிரிட்ஜ் முறைல முழுசா ஆட்டினாலும் 4 ஓம்ல சுத்தமா 26 வாட்டுக்கு மேல வராது, அதுலயும் ஐசிக்குள்ள கொஞ்சம் போயிடும். அட்டைல போடுற 50 ஒரு கண நேர உச்சம். ஆர்எம்எஸ்னு, அதாவது தொடர்ந்து கொடுக்குற வாட், எங்க எழுதியிருக்குனு தேடிப் பாருங்க, அந்த நம்பர் தான் காதுக்கு வரும்.

எல்லாம் மாட்டி முடிக்க சாயங்காலம் ஆறாச்சு. எர்த்துக்கு டிக்கில கெட்டியான தகரமா பார்த்து பெயின்ட்டை சுத்தமா சுரண்டி, லக், பல் வாஷர், போல்ட் போட்டு இறுக்கி, துருப் பிடிக்காம மேல கொஞ்சம் பெயின்ட் அடிச்சேன். சீட் பெல்ட் போல்ட் பக்கத்துலயே இருக்கும், கை போகும், அதைத் தொடவே தொடாதீங்க, அது உயிரைப் பிடிக்கிற போல்ட். பவர் கேபிள் வண்டிக்கு இடது பக்கமா போகுது, செட்ல இருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டு போற ஆர்சிஏ கேபிளும் நீல ஒயரும் வலது பக்கமா, முன்னாடி பவர் கேபிளையும் ஆர்சிஏவையும் ஒண்ணா கட்டி விட்டிருந்தாங்க.

வண்டியை ஸ்டார்ட் பண்ணேன். உய்ய்ய்ங். பாதிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு, ஆனா இருக்கு. காலைல எட்டு மணில இருந்து உக்காந்தவனுக்கு அழுகையே வந்துருச்சு.

இந்த சத்தம் எங்க இருந்து வருதுன்னா, டைனமோல உருவாகிற ஏசி கரண்ட்டை டயோடு வெச்சு டிசியா மாத்துறாங்க, முழுசா சமமாகாது, மேல சின்ன சின்ன அலை மிச்சம் இருக்கும், எஞ்சின் வேகம் ஏற ஏற அந்த அலையும் வேகமாகும், அதனால தான் ஆக்ஸிலேட்டரோட சேந்து பாடுது. செட்டுக்கு ஒரு எர்த், ஆம்ப்புக்கு ஒரு எர்த், ரெண்டுக்கும் நடுவுல சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தா அந்த அலை ஆர்சிஏ கேபிளோட வெளி உறை வழியா புகுந்து பாட்டோட கலந்துரும். எர்த்தை சரி பண்ணதுல அது குறைஞ்சுது, மிச்சம் எங்க?

ஆம்ப் பக்கம் ஆர்சிஏவைப் பிடுங்கினேன், சத்தம் சுத்தமா போச்சு. அப்ப ஆம்ப்ல தப்பில்ல, செட் பக்கம் இருந்து தான் வருது. செட்டை மறுபடி வெளிய இழுத்து ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் செட்டோட தகர உடம்புக்கும் மீட்டரை வெச்சேன், பீப் அடிக்கணும், அடிக்கல. செட்டுக்குள்ள அந்த எர்த் பாதைல கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி ஃபியூஸ் சில செட்ல இருக்கும், எர்த் சரியா இல்லாம கரண்ட் இருக்கும்போதே ஆர்சிஏவைச் சொருகினா எர்த் கரண்ட் முழுக்க அது வழியா ஓடி அது போயிடும். போனா செட் வேலை செய்யும், பாட்டு வரும், எர்த் மட்டும் அந்தரத்துல தொங்கும், உய்ங் வரும். எவ்வளவு பேர் இதுக்கு நாய்ஸ் ஃபில்டர் வாங்கி மாட்டி ஏமாந்திருப்பாங்கனு நினைச்சா பாவமா இருக்கு.

அப்போதைக்கு ஆர்சிஏ வெளி வளையத்துல ஒரு ஒயரைச் சுத்தி செட் தகரத்துல ஒரு ஸ்க்ரூல கடிச்சு விட்டேன். ஸ்டார்ட் பண்ணேன், ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன், ஒரு சத்தமும் இல்ல. வால்யூமைப் பாதிக்கு வெச்சு பாட்டை நிறுத்தி வெச்சுட்டு கேட்டேன், எஞ்சின் சத்தம் மட்டும் கேக்குது. ரெண்டு நாள் கழிச்சு எலக்ட்ரீஷியன் அண்ணன் கிட்ட செட்டைக் கொண்டு போனேன், லென்ஸை மாட்டிக்கிட்டு அந்தக் குட்டி ஃபியூஸை மாத்திக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன்னுட்டார், டீ மட்டும் குடிச்சோம்.

ஆம்ப்ல கெய்னையும் மீட்டர் வெச்சே செட் பண்ணேன், முன் சேனல் 50 வாட், 4 ஓம், பெருக்கி வர்க்க மூலம் எடுத்தா 14.1 வோல்ட் ஏசி, ஸ்பீக்கரைக் கழட்டிட்டு 1000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு செட் வால்யூமை முக்கால்ல வெச்சு அந்த நம்பர் வர்ற வரைக்கும் திருகணும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டியாச்சு. முன்னாடி கெய்ன் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருந்தாங்க, அது சத்தம் கூட்டுற குமிழ் இல்லைங்க, செட்டோட அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துற குமிழ்.

அடுத்த திங்கக்கிழமை காலைல சாவி போடறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து அளந்தேன், 12.5. அரை சுத்துல எடுத்துச்சு. பக்கத்து வீட்டு சார் கேபிளைக் கைல எடுத்துக்கிட்டே படியிறங்கி வந்தவர் அப்படியே நின்னு சிரிச்சார். அப்பா வந்து உக்காந்து ஒண்ணும் பேசாம 1-ம் நம்பர் பட்டனை அமுக்கினார், 101.4 வந்துச்சு, சாவியை எடுத்தார், மறுபடி போட்டார், மறுபடி அமுக்கினார்.

பின் ஸ்பீக்கர் ரெண்டும் இன்னும் பழைய ஒயர்ல தான் ஓடுது, அதுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை வேணும். எந்த ஒயர் எங்க போகுது, ஃபியூஸ் எங்க இருக்கு, எர்த் போல்ட் எங்க இருக்குனு ஒரு முழு பேப்பர்ல படம் வரைஞ்சு க்ளோவ் பாக்ஸ்ல வெச்சிருக்கேன், அடுத்து இதைத் திறக்கிறவர் யாரா இருந்தாலும் அவருக்கு உதவும். நேத்து எடுத்துப் பார்த்தா அப்பா கீழ தேதி போட்டு, பேட்டரி மாத்தின ரெண்டு பில்லையும் அதோட சேத்து பின் அடிச்சு வெச்சிருக்கார்.